மூன்று முறை சொன்ன அளவு

அத்தானை மர மில்லில் எல்லோரும் ‘டேப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிகூட அப்படித்தான். சம்பளத் தாளில் இருந்த பெயரைப் படித்துவிட்டுப் புதிதாக வந்த கணக்கர் ஒருவர், “இது யாருப்பா, ஆளே வர்றதில்லையா?” என்று கேட்டாராம். அத்தான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

அவர் என் அக்காவின் கணவர். இருபத்திரண்டு வருடமாக அந்த மில்லில் அளவுக்காரர். லாரியில் வந்து இறங்கும் தடிகளையும் அறுத்து அடுக்கிய பலகைகளையும் அளந்து சொல்வார். எழுதுவது வேறொருவர், விலை போடுவது இன்னொருவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அளவை எழுதுவதற்கு முன் உரக்க மூன்று முறை சொல்ல வேண்டும். “முதல் தடவை விக்கிறவனுக்கு. ரெண்டாவது வாங்கறவனுக்கு. மூணாவது மரத்துக்கு” என்பார் அத்தான். மூன்றாவது சொல்லியாகிவிட்டால் அதோடு முடிந்தது. பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு காண்ட்ராக்டர் அவர் பையில் ஏதோ செருகி, அரை அங்குலம் குறைத்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அத்தான் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: “சும்மா இருங்க, மரம் கேட்டுக்கிட்டு இருக்கு.” மில்லில் அதை இன்னும் ஜோக்காகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அத்தான் அதை ஜோக்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றும்.

நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். மாடியில் இரண்டு அறைகள், கீழே பூட்டிக் கிடக்கும் தையல் கடை. நகல் எடுக்கும் கடையில் எனக்கு வேலை. அத்தான், அக்கா, நான், பிறகு மிளகு. அவர்களுடைய ஒரே மகள். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் யாரோ, “என்ன இது, மிளகு சைஸ்ல இருக்கு” என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

மிளகு எதையும் கேட்டு அடம்பிடிக்கிற ஜாதி இல்லை. ஒரே ஒரு தடவை, பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து அத்தானின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ராட்சத ராட்டினம், நீலத் தண்ணீர், வாயைத் திறந்த ஒரு சிரிப்பு. ஊருக்கு வெளியே இருக்கும் பொழுதுபோக்குப் பூங்கா. “அப்பா, அங்க.” அவ்வளவுதான் சொன்னாள். “பள்ளிக்கூட லீவுல போறோம்” என்றார் அத்தான். மூன்று முறை சொன்னார்.

அன்றைக்கே அத்தான் பட்ஜெட் போட்டார். பலகைக் கணக்கு எழுதும் சீட்டின் பின்புறம், தச்சன் பென்சிலால்.

“டிக்கெட் ஒண்ணு எனக்கு ரெண்டு நாள் கூலி. மூணு பேருக்கு ஆறு நாள். அப்புறம் பஸ். அப்புறம் சாப்பாடு. வெளிச் சாப்பாட்டை உள்ள விட மாட்டானாம்.”

“வயித்துக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போனா?” என்றாள் அக்கா.

“அதுக்கும் மெஷின் வெச்சிருப்பான். தண்ணில இறங்கணும்னா அவன் குடுக்கற துணியத்தான் வாடகைக்கு எடுத்துப் போடணும்.”

“நான் இறங்கலப்பா. துணி துவைக்கறப்ப நனையறதே எனக்குப் போதும்.”

“மாப்ளே, நீ?”

“நான் பாத்துக்கிட்டு இருக்கேன் அத்தான்.”

“எப்பவும் அதானே பண்றே. சரி, வாடகை மிச்சம். இப்ப மிளகு.” பஸ்ஸில் கொடுத்திருந்த பூங்காவின் துண்டுப் பிரசுரத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தார். நூற்றுப் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.

அத்தானுக்கு சென்டிமீட்டரில் நம்பிக்கை கிடையாது. அடி, அங்குலம், அங்குலத்துக்கு எட்டு நூல். கணக்குப் போட்டு, மூன்றடி ஏழு அங்குலம் இரண்டு நூல் என்று கண்டுபிடித்தார். மிளகை அறைக் கதவின் நிலையில் சாய்த்து நிற்க வைத்து, தலைமேல் ஒரு மட்டப் பலகையை வைத்து, கோடு போட்டார். டேப்பை இழுத்தார்.

“மூணடி ஆறங்குலம் ரெண்டு நூல்! மூணடி ஆறங்குலம் ரெண்டு நூல்! மூணடி ஆறங்குலம் ரெண்டு நூல்!”

மில்லில் கத்துவதுபோலவே கத்தினார். மிளகு விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னும் எட்டு நூல் இருக்கு. லீவுக்கு ரெண்டு மாசம். தாராளமா ஃப்ரீ” என்றார் அத்தான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அளந்தார். இரண்டு மாதத்தில் இரண்டு நூல் ஏறினாள். கோடுகள் சின்ன ஏணிபோல் நிலையில் ஏறின.

லீவு வந்தது. அதற்குள் காலம் கெட்டுவிட்டது. கட்டடம் கட்டுகிறவர்கள் கம்பி நீட்டிவிட்டார்கள். அரைகுறைக் கட்டடங்கள் வானத்தைப் பார்த்துக் கம்பியை நீட்டிக்கொண்டு நின்றன. ஜன்னலும் கதவும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மில் ஆறு நாளிலிருந்து நாலு நாளாகி, பிறகு மூன்று நாளானது. எங்கள் தெருவில் எப்போதும் தூரத்து ரம்பத்தின் சத்தம் இருக்கும். அது நின்றபோதுதான் அது இருந்ததே தெரிந்தது. மில் ஓடாத நாட்களில் அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

பட்ஜெட் சீட்டு மறுபடி மறுபடி எழுதப்பட்டது. பயணம் அடுத்த மாதத்துக்குப் போனது, பிறகு அதற்கடுத்த மாதத்துக்கு. டப்பாவில் சேர்ந்த பணம் வாடகைக்குப் போய்த் திரும்ப முதலிலிருந்து சேர்ந்தது. ஒரு நாள் பேச்சுவாக்கில் அக்கா சொன்னாள்: “இப்படியே தள்ளிப் போனா இவ வளந்துடுவா. அப்புறம் நாலு டிக்கெட். அப்புறம் போன மாதிரிதான்.”

மிளகு தரையில் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் நின்றது. நான் பார்த்தேன்.

அந்த ஞாயிறு அவள் ஏறவில்லை. “மூணடி ஆறங்குலம் அஞ்சு நூல்!” போன ஞாயிறு போட்ட அதே கோடு. அத்தான் மூன்று முறை சொல்லிவிட்டு அவளைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றினார். “ஒரு நூல்கூட ஏறலையே! சபாஷ்டி என் தங்கம்!”

வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்பு அந்த சபாஷ்தான்.

அடுத்த ஞாயிறும் அதே கோடு. அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு முறையும் மூன்று தடவைக் கூவலும் ஒரு சபாஷும். முதலில் விளையாட்டு. மில்லில் வேறு எந்த நல்ல சேதியும் இல்லாத நாட்கள். வாரத்துக்கு ஒரு முறை அத்தானின் முகத்தில் வெளிச்சம் வருவது அந்த நிலையடியில்தான். மிளகு அதற்காகவே காத்திருந்தாள். நிலையில் சாய்ந்து நிற்கும்போது அவள் இமைகூட அசையாது. ஆறு மாதம். பென்சில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஓடி, கோடு கறுத்துத் தடித்து, கடைசியில் மரத்தில் ஒரு பள்ளமாகிவிட்டது. விரல் வைத்தால் விரல் பதியும்.

அக்காதான் முதலில் சொன்னாள். அத்தான் இல்லாத நேரம்.

“டேய், இவளுக்கு நகம் வெட்டி எத்தனை நாளாச்சு தெரியுமா?”

“எத்தனை நாள்?”

“ஞாபகமே இல்லடா. வெட்ட வேண்டியிருக்கல.”

நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தவளின் கையை எடுத்துப் பார்த்தோம். மத்தியான வெயில் தரையில் கிடந்தது. பத்து நகமும் வெட்டிய அன்று இருந்ததுபோல் இருந்தன. நெற்றியில் வெட்டிவிட்ட முடியும் அப்படியே. ஆடிக்கொண்டிருந்த முன்பல் ஆட்டத்தை நிறுத்தி இறுகிவிட்டிருந்தது. செருப்பும் காலுக்குச் சிறுக்கவில்லை. அவள் தட்டில் பாதிக்குமேல் தொடுவதில்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவள் தூங்கும்போது முட்டியை மார்போடு கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ கதவை உள்ளேயிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருப்பவள்போல.

டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். “சில பிள்ளைங்க இப்படி நின்னு நின்னு வளரும்மா. பயப்படாதீங்க” என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். பட்ஜெட் சீட்டில் டானிக்குக்கு ஒரு வரி கூடியது.

நான் அவளிடம் கேட்டேன். சட்டென்று கேட்க வரவில்லை. மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கீழே தையல் கடையின் கண்ணாடிக்குள், துணியில்லாத பொம்மை ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

“மிளகு, நீ ஏன் வளரலை?”

“அப்பாதான் மூணு தடவை சொல்லிட்டாரே மாமா.”

“அது விளையாட்டுக்குடா.”

“இல்ல. மூணாவது தடவை மரத்துக்குச் சொல்றது. வீட்டுல மரம் நான்தான்.” பிறகு என் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னாள்: “கஷ்டம் இல்ல மாமா. தூங்கறப்பதான் அது வரும். நான் பிடிச்சு வெச்சுக்குவேன்.”

“எது வரும்?”

“உள்ள இருக்கறது.”

நான் அதை அத்தானிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று நாள் கூலியில் ஒரு வாரத்தை ஓட்டும் மனிதரிடம், உங்கள் பெண் உங்களுக்காக வளராமல் இருக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த ஞாயிறு வரை விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

அந்த ஞாயிறு அத்தான் மட்டப் பலகையை வைத்தார், டேப்பை இழுத்தார். கூவ வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். மறுபடி அளந்தார். டேப்பை மாற்றினார்; மில்லின் இரும்பு டேப்பை எடுத்துவந்து அளந்தார். பலகையின் அடிப்பக்கம் பள்ளத்துக்கு ஒரு நூல் கீழே இருந்தது.

“அப்பா, சொல்லுங்க” என்றாள் மிளகு.

அத்தான் சொல்லவில்லை. டேப் அவர் கையிலிருந்து சர்ரென்று தானாக உள்ளே சுருண்டது. “பச்சை மரம்தான் சுருங்கும்” என்றார், யாருக்கும் இல்லாமல். பிறகு முன் அறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல் முழங்காலைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சினார். “வளரும்மா. அப்பா சொல்றேன்ல? நல்லா சாப்பிட்டு வளரு.”

“போய்ட்டு வந்துடலாம்ப்பா, அப்புறம் வளர்றேன். டிக்கெட் இல்லாம போகணும்ல?”

“டிக்கெட் கெடக்குது கழுதை. நீ வளரு.”

“நீங்கதான் சீட்டுல எழுதினீங்க. மிளகு, சைபர்னு.”

உண்மைதான். எத்தனை முறை திருத்தி எழுதினாலும் அந்த ஒரு வரி மட்டும் மாறவே இல்லை. அத்தான் எழுந்து டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். மூன்று டிக்கெட், சாப்பாடு, போக வர பஸ். மிச்சமில்லாமல் சரியாக இருந்தது. மில்லுக்கு ரம்பத்தகடு வாங்கப் போவதுபோல அவசரமாகச் சொன்னார்: “அடுத்த ஞாயித்துக்கிழமை போறோம். போயாச்சுன்னா இதுக்கு ஒரு முடிவு.”

அந்த ஒரு வாரம் அவளை யாரும் அளக்கவில்லை. ஆனால் புதன்கிழமை அவள் சட்டையின் கை விரல்வரை வந்தது. அக்கா அதை மடித்துவிட்டாள்.

பூங்காவில் கூட்டமே இல்லை. பெரிய ராட்டினம் காலி இருக்கைகளோடு சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சறுக்கலில் தண்ணீர் மட்டும் சறுக்கியது. ஒலிபெருக்கியில் குழந்தைகள் சிரிக்கும் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு செய்த சிரிப்பு. முடிந்ததும் ஒரு சின்ன கரகரப்பு, பிறகு முதலிலிருந்து அதே சிரிப்பு. வாசலில் மரத்தில் வெட்டிய ஒரு கோமாளி நின்றான். நீட்டிய அவன் கைக்குக் கீழே நடந்து போகிற குழந்தைக்குக் கட்டணம் இல்லை.

எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம், பின்னால் இரண்டு குடும்பங்கள். மூன்று டிக்கெட்டுக்கும் பணம் கட்டினோம். மிளகு தானாகப் போய்க் கோமாளியின் கைக்குக் கீழே நின்றாள். அவள் தலைக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

“பாப்பாவுக்கு வேண்டாம் சார். ஃப்ரீ. கூட்டிட்டுப் போங்க” என்றான் வாசல்காரன்.

மிளகு திரும்பி அத்தானைப் பார்த்தாள். அவ்வளவு பெருமையை நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை.

“அப்பா, அடுத்த வருஷமும் நான் ஃப்ரீதான். எப்ப வந்தாலும் ஃப்ரீ.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் நடந்து போய் மிளகுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, டேப்பை இழுத்து, அவள் குதிகாலிலிருந்து தலைவரை பிடித்தார். நான் எண்ணைப் பார்த்தேன். மூன்றடி ஆறு அங்குலம். அதற்குமேல் ஒரு நூல்கூட இல்லை.

அத்தான் எழுந்து நின்றார்.

“மூணடி எட்டு!”

வாசல்காரன் திடுக்கிட்டுப் பார்த்தான். பின்னாலிருந்த குடும்பத்தில் யாரோ சிரித்தார்கள்.

“மூணடி எட்டு!”

“சார், என்ன சார் இது, கண்ணுக்கு நேராத் தெரியுதே. அந்தப் பொண்ணு தொடக்கூட இல்ல.”

அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து பொய் அளவு வந்ததில்லை. மூன்றாவதைச் சொல்ல அவருக்கு நேரமெடுத்தது. உதடுகள் காற்றில் இரண்டு முறை அசைந்தன. பிறகு அவர் குனிந்து, எங்கள் யாருக்கும் சொல்லாமல், மிளகின் முகத்துக்கு நேராக, மெதுவாகச் சொன்னார்.

“மூணடி எட்டு.”

ஒலிபெருக்கியில் சிரிப்பு முடிந்து கரகரப்பு வந்தது. மிளகின் முகத்திலிருந்த பெருமை போய்விட்டது. அவள் அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

“அளவு சொல்லியாச்சு. ஒரு டிக்கெட் குடுப்பா” என்றார் அத்தான்.

“ஃப்ரீயா விடறேங்கறேன், டிக்கெட் வேணுங்கறீங்களே! வெயில் ஏறிடுச்சா சார்?”

“ஏறலை. டிக்கெட் குடு.”

சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போனது. வாசல்காரன் சீட்டைக் கிழித்து மிளகின் கையில் பாதியைக் கொடுத்தான், தலையில் அடித்துக்கொண்டே.

உள்ளே அவள் எதிலும் ஏறவில்லை. குதிரைகள் சுற்றும் மேடைக்கு முன்னால் நின்றாள். ஆளில்லாத குதிரைகள் மேலும் கீழும் போய்வந்தன. பத்து நிமிஷம் கழித்து, “அப்பா, பசிக்குது” என்றாள்.

ஆறு மாதத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அத்தான் பையைத் தடவினார். இருந்தது பஸ் காசு. பொரித்த உருளைக்கிழங்கு ஒரு பொட்டலம் வாங்கினார். மிளகு நின்றபடியே தின்று முடித்துவிட்டு, காகிதத்திலிருந்த உப்பையும் விரலால் தொட்டு நக்கினாள். “இன்னும்.” சோளம் வாங்கினார். “இன்னும்.” ரொட்டி. எங்களில் யாரும் ஒரு வாய் வைக்கவில்லை. அவள் தின்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அவள் கண் எங்கள் யார்மீதும் இல்லை. உள்ளே எதையோ ஊட்டிக்கொண்டிருப்பவளின் கண் அது.

“போதும்ங்க. எப்படிங்க வீட்டுக்குப் போறது?” என்றாள் அக்கா.

“பாதி வழிக்கு இருக்கு. மீதி நடந்துக்கலாம்.”

பாதி வழியில் இறங்கினோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாலையின் இருபுறமும் முடியாத கட்டடங்கள், கதவில்லாத வாசல்கள், ஜன்னலில்லாத ஓட்டைகள். மிளகு தூங்கிப் போயிருந்தாள். அத்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டார். காலையில் பஸ் ஸ்டாண்டு வரை அவளை ஒரு கையில் பஞ்சு மூட்டைபோலத் தூக்கி வந்தவர், இப்போது இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

கொஞ்ச தூரத்தில் அவள் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. நான் எடுத்து மாட்டப் பார்த்தேன். குதிகால் வெளியே நின்றது. வார் பொத்தானை எட்டவில்லை. காலையில் நான்தான் அதை மாட்டிவிட்டேன். நான் செருப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

“அத்தான், குடுங்க, நான் கொஞ்சம் தூக்கறேன்.”

“வேண்டாம் மாப்ளே.”

அவர் மூச்சு இரைந்தது. நின்று நின்று நடந்தார். நிற்கும்போதெல்லாம் அவளை மேலே ஏற்றிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கினாள். முதலில் அவள் கால் அவர் இடுப்பில் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு தொடையில் தட்டியது. தூக்கத்தில் அவள் பல்லைக் கடிக்கவில்லை. வாய் திறந்திருந்தது, கைகள் இரண்டும் தளர்ந்து அவர் முதுகில் தொங்கின. எலும்புக்குள்ளிருந்து வருவதுபோல மெல்லிய ஒரு சத்தம், பச்சைப் பலகை வெயிலில் விடும் சத்தம்போல, எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, இவ இவ்ளோ இருந்தாளா? எறக்கி விடுங்க. எழுப்பி நடக்க வெச்சுடலாம்.”

அத்தான் திரும்பவில்லை. பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கால் மடங்கி, நிமிர்ந்து, மறுபடி மடங்கியது.

“எழுப்பாதே” என்றார். “எவ்ளோ வரணுமோ வரட்டும்.”